இந்தலொலு எது, நாய்க்குடை எது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஹோமாகமவில் இருக்கும் உங்கள் சிநேகிதியின் அம்மா, பெருமழை பெய்த மறுநாள் ஒரு கட்டுக் காளானைச் சேம்பிலையில் சுற்றித் தந்து, "இந்தலொலு" என்றாராம். அதை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து சமைத்துச் சாப்பிட்டு ருசியில் மயங்கிவிட்டீர்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், நீங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் புல்வெளியிலேயே அதே போன்ற வெள்ளைக் குடைகள் வரிசையாக முளைத்திருக்கின்றன. இரண்டும் ஒன்றா, இதற்குத் தமிழில் என்ன பெயர், எதை வைத்து அடையாளம் காண்பது என்று கேட்கிறீர்கள்.

அவசரமான பதில் முதலில். புல்வெளியில் முளைத்ததைச் சட்டியில் போடாதீர்கள். அதைச் செய்யாமல் இருந்தால் மீதியை ஆறுதலாக வாசிக்கலாம்.

இந்தலொலு என்பது சிங்களப் பெயர். சிங்களத்தில் காளானுக்குப் பொதுப்பெயர் ஹத்து. பிம்மல் என்றும் ஒரு பெயர் உண்டு. நிலத்தில் பூத்த பூ என்று பொருள். எனக்கு அந்தப் பெயர்மேல் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. தமிழில் நீங்கள் சாப்பிட்டதற்குப் பொருத்தமான பெயர் புற்றுக்காளான். கறையான் புற்றிலும் புற்றைச் சுற்றிய மண்ணிலும் மட்டுமே முளைப்பதால் வந்த பெயர் அது. பெயரிலேயே அடையாளத்தின் பாதி இருக்கிறது. காளானுக்கு ஆம்பி என்று ஒரு பழஞ்சொல்லும் நம்மிடம் இருக்கிறது. கறையான் அரித்த பழஞ்சுவரின் புழுதியில் காளாம்பி பூத்துக் கிடக்கும் ஒரு வறிய வீட்டின் அடுக்களையைச் சங்கப் பாட்டொன்று காட்டுகிறது. அது இதே காளான்தானா என்று வாதாட நான் வரவில்லை. கறையான் இருக்கும் இடத்தில் காளானைக் காணும் கண் நமக்குப் பழையது என்று மட்டும் சொல்கிறேன். நாய்க்குடை என்பது வேறு கதை. அது ஓர் இனத்தின் பெயரே அல்ல. சாப்பிட உதவாது என்று ஊரார் தள்ளிவைத்த எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சூட்டிய பெயர்.

நான் அவிசாவளைக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பிறகு கொழும்பில் பல வருடம் உயிரியல் படிப்பித்தேன். காளானைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் உருப்படியான பாதி அப்பாயி சொன்னது. மீதிப் பாதி அதற்கு விளக்கம், அவ்வளவுதான். சித்திரை வைகாசியில் பின்னேர இடிமழை தொடங்கினால், விடிய முன்பே அப்பாயி ஒரு பழைய கத்தியும் பனையோலைப் பெட்டியுமாகப் புறப்பட்டுவிடுவார். ஐப்பசி மழைக்கும் அப்படித்தான். எந்தப் புற்றடி என்று பக்கத்து லயத்துக்காரர்களுக்குச் சொல்லமாட்டார். ஒரு புற்றடியில் ஒரு வருடம் பூத்தால் அநேகமாக அடுத்த வருடமும் அங்கேயே பூக்கும். அது குடும்பச் சொத்து மாதிரி. அவருக்கு ஒரே ஒரு விதி இருந்தது: "குடையைப் பார்க்காதே, காலைப் பார்." ஒவ்வோர் இடத்திலும் முதல் காளானைப் பறிக்கமாட்டார். தோண்டுவார்.

ஒருமுறை என்னையும் தோண்டவிட்டார். மண்ணுக்கு மேலே தெரிந்த தண்டு என் விரல் நீளம். கீழே தோண்டத் தோண்ட அது முடியவில்லை. பென்சில் தடிப்பில், வெளிப்பக்கம் கறுத்து, உள்ளே வெள்ளையாக, வளைந்து நெளிந்து இறங்கிக்கொண்டே போனது. ஒரு முழம் போனதும் கத்தி திடீரென்று வெறும் இடத்தில் விழுந்தது. உள்ளே ஒரு சிறிய குகை. அதில் மண்நிறத்தில் கடற்பஞ்சு போல, மூளைபோல மடிப்பு மடிப்பாக ஒரு பொருள். அதன்மேல் ரவையைத் தூவியதுபோல் வெள்ளைப் பொட்டுகள். கறையான்கள் பதறி ஓடிக்கொண்டிருந்தன. காளானின் வேர் நுனி அந்தப் பஞ்சில்தான் பிடித்திருந்தது. அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, "இது சாப்பாடு" என்று சொல்லி மண்ணை மூடினார்.

அந்தப் பஞ்சுதான் இந்தக் காளானின் வீடு. கறையான்களில் ஒரு பிரிவு பயிர் செய்து பிழைப்பது. சருகையும் உலர்ந்த மரத்தையும் தின்று, பாதி செரித்ததை எச்சமாகக் கூட்டுக்குள் அடுக்கி அந்தப் பஞ்சைக் கட்டுகின்றன. அதில் பங்கசு, அதாவது பூஞ்சை, வளர்ந்து (நாம் பறிக்கும் காளான் அதன் வெளியே தெரியும் பகுதிதான்), கறையானின் வயிற்றுக்கு அடங்காத மரத்தின் கடினப் பகுதியை உடைத்துக் கொடுக்கிறது. பிறகு கறையான்கள் அந்த வெள்ளைப் பொட்டுகளையும் பழைய பஞ்சையும் தின்கின்றன. பங்கசுக்குக் கிடைப்பது ஈரம், சீரான சூடு, வேறு பங்கசுகளின் தொல்லை இல்லாத இடம். இந்த உறவு ஆபிரிக்காவில் சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. இன்று ஒன்றை விட்டு மற்றது வாழாது.

இதன் அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசிஸ்; கறையான் பங்கசு என்றே பொருள். 1942இல் பிரெஞ்சு ஆய்வாளர் ரொஜே எய்ம் வைத்த பெயர். ஆனால் விஷயம் அதைவிட மிகப் பழையது, அதிலும் நம் மண்ணோடு தொடர்புடையது. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த கூனிக் என்பவர் 1779இலேயே, தஞ்சைப் பக்கத்துக் கறையான் கூடுகளுக்குள் பங்கசு இருப்பதை எழுதியிருக்கிறார். இலங்கையில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பங்கசு ஆய்வாளராக 1905இல் வந்து சேர்ந்த டொம் பெட்ச், மறுவருடமே கறையான் கூட்டுப் பங்கசுகளைப் பற்றி விரிவான ஆய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளராக இருந்தவரும் அவர்தான். தேயிலையை நம்பி வாழ்ந்த நாட்டில் புற்றைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரை அந்தக் காலத்துத் தோட்டத் துரைமார் என்ன நினைத்தார்களோ.

இனி அடையாளங்கள். கையில் ஒரு புற்றுக்காளான் இருந்தால் இப்படிப் பாருங்கள்.

மொட்டாக இருக்கும்போது அது ஈட்டி முனைபோல் இருக்கும். கெட்டி மண்ணைத் துளைத்துக்கொண்டு வரவேண்டுமே. விரிந்த பிறகும் அந்த முனை குடையின் நடுவில் ஒரு கூம்பாக நிற்கும். மற்ற இடத்தைவிடக் கடினமாகவும் நிறம் கூடியதாகவும் இருக்கும். விரலால் அழுத்தினால் தெரியும். குடை வெள்ளையில் இருந்து சாம்பல் கலந்த பழுப்பு வரை இருக்கலாம். பெரிய இனத்தில் விரிந்த குடை ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கும் வரும். நன்றாக விரிந்ததும் ஓரம் நடுவை நோக்கிக் கிழியும். குடையின் மேற்பரப்பில், ஒட்டவைத்த தவிட்டுத் துண்டுகள் போன்ற தனித்தனிப் பழுப்புச் செதில்கள் இருக்கக்கூடாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

குடையைத் திருப்பினால் மீன் செவுள்போல் நெருக்கமான மடிப்புகள். அவை தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நின்றுவிடும். முதலில் வெள்ளை, முதிர்ந்தால் மெல்லிய இளஞ்சிவப்பு ஏறும். தண்டு உள்ளே வெற்றிடம் இல்லாமல் நிறைந்திருக்கும். உரித்தால் கோழி நெஞ்சிறைச்சி போல நார்நாராக வரும். சில இனங்களில் தண்டில் மோதிரம் போன்ற வளையம் இருக்கும், சிலவற்றில் இராது. ஆகவே வளையத்தை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கடைசியில் கால். மண்ணுக்குள் நீண்டு இறங்கும் அந்தப் பொய்வேர்தான் தலையாய சாட்சி. நீளமான வேர் மட்டும் போதாது என்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். புதைந்து கிடக்கும் மரக்கட்டையில் பிடித்துக்கொண்டு நீளவேர் விடும் வேறு காளான்களும் உண்டு. வேர் முடிகிற இடத்தில் கறையான் பஞ்சு இருக்கவேண்டும். அதனால்தான் தோண்டவேண்டும் என்கிறேன். தோண்டும்போது பொந்துகளில் கையை விடாதீர்கள். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகுந்தது என்பது வெறும் பழமொழி இல்லை. நாகம் இருந்த புற்றை நானே இரண்டுமுறை பார்த்திருக்கிறேன்.

இந்தக் குடும்பத்தில் வேரில்லாத ஒரு குட்டியும் உண்டு: அரிசிக்காளான். குடை ஒரு சென்ரிமீற்றர், கூடிப்போனால் இரண்டு. ஆனால் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில், அரிசியைக் கொட்டிவிட்டதுபோல் பூக்கும். கறையான்கள் தம் பஞ்சின் துணுக்குகளை வெளியே கொண்டுவந்து பரப்பிய இடத்தில் முளைப்பதால் அதற்கு ஆழத்திலிருந்து ஏறி வரும் வேலை இல்லை. 1871இல் உலக அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்திய விவரிப்பு இலங்கையில் சேகரித்த காளானை வைத்தே எழுதப்பட்டது. துப்புரவாக்குவது பெரும்பாடு. ஒரு குடும்பத்துக்கான கறிக்கு அரை நாள் குந்தியிருந்து மண் தட்டவேண்டும். ருசி அந்தப் பாட்டுக்குத் தகும் என்பது அப்பாயியின் கட்சி. நான் பெரியதன் கட்சி.

உங்கள் புல்வெளிக்கு வருகிறேன். கொழும்பில் மழைக்குப் பிறகு புல்வெளி, விளையாட்டு மைதானம், தெருவோரப் புல் எங்கும் முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை அநேகமாக குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்பதாகத்தான் இருக்கும். வெப்பநாடுகள் முழுக்கப் புல்லில் வளரும் காளான் இது. பல சமயம் வட்டமாக முளைக்கும். மொட்டு முட்டைபோல் உருண்டையாக இருக்கும், ஈட்டிமுனை இல்லை. விரிந்த வெள்ளைக் குடையின் மேல் நான் முன்னே சொன்ன பழுப்புச் செதில்கள், நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் ஐதாகவும் ஒட்டியிருக்கும். தண்டில் ஒரு வளையம், அதை மேலும் கீழும் நகர்த்தலாம். தண்டின் அடி சற்றுப் பருத்து, அங்கேயே முடிந்துவிடும். வேர் கிடையாது. இளமையில் மடிப்புகள் வெள்ளையாக இருப்பதுதான் இதன் வஞ்சகம். முதிர்ந்த பிறகே பச்சை ஏறும். அதுவரை பார்க்கிறவருக்கு அழகான சாப்பாட்டுக் காளான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. 1980களில் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்த புதிதில், ஒரு மைதானத்து ஓரத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு குடைகளைக் கண்டேன். தோட்டத்தில் பிறந்தவன் என்ற திமிர். இழுத்தேன், சுலபமாக வந்தது, வேர் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அறை நண்பர்கள் இருவரையும் கூப்பிட்டுக் கறி வைத்தேன். ருசிக்கு ஒரு குறையும் இல்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இரண்டு மணித்தியாலத்தில் மூவரும் மாறி மாறி வாந்தி. பிறகு வயிற்றோட்டம். இரவு முழுவதும் வைத்தியசாலையில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தோம். உயிரியல் படிப்பிக்கவந்த ஆசிரியர் என்று தாதியிடம் நான் சொல்லவில்லை. நண்பர்கள் சொல்லிவிட்டார்கள்.

அந்தக் காளான் பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, வதைத்துவிட்டு விட்டுவிடும். அமனிட்டா என்னும் பேரினத்தில் சில அப்படி அல்ல. சாப்பிட்டு ஆறு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம், சில சமயம் அதற்கும் மேலாக ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து, தணிந்து, சுகமாகிவிட்டதுபோல் காட்டும். அந்த நேரத்தில் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அமனிட்டாவின் அடையாளம் தண்டின் அடியில் உள்ள பை, முட்டைக்கோது உடைந்து காலைச் சுற்றி நிற்பதுபோல. அது மண்ணுக்குள் இருக்கும். இழுத்துப் பறித்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும், கையில் வருவது சாதுவான ஒரு வெள்ளைக் குடை. இங்கும் காலைப் பார்க்காதவர்தான் ஏமாறுகிறார். வைக்கோல் காளானுக்கும் இப்படிப் பை உண்டு, அது நல்ல உணவு. ஆனால் அந்த வேறுபாட்டை வைக்கோல் படுக்கையில் பழகுங்கள், காட்டில் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை உண்டு. விரிந்த குடையின் தண்டை ஒட்ட நறுக்கி, மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைக் கடதாசியில் வைத்து, ஒரு கோப்பையால் மூடி இரவு முழுக்க விடுங்கள். காலையில் எடுத்தால் வித்திகள் (காளான் தன் இனத்தைப் பரப்ப உதிர்க்கும் தூள்) உதிர்ந்து, மடிப்புகளின் கோலம் அப்படியே கடதாசியில் பதிந்திருக்கும். புற்றுக்காளான் என்றால் அது இளஞ்சிவப்பு. உங்கள் புல்வெளிக் குடை என்றால் மங்கிய பச்சை. அமனிட்டா வெள்ளை, வெள்ளைக் கடதாசியில் தெரியாது என்பதால் பாதிக்குக் கறுப்புக் கடதாசி வைப்பது நல்லது. பச்சை வந்தால் கதை முடிந்தது, எறியலாம். இளஞ்சிவப்பு வந்தால் மட்டும் கதை முடியாது. இளஞ்சிவப்பு வித்தி உதிர்க்கும் நச்சுக்காளான்களும் இருக்கின்றன. என்டொலோமா என்பது அப்படி ஒன்று. அதன் மடிப்புகள் தண்டோடு ஒட்டியிருக்கும், புற்றோடு தொடர்பு இராது. மறுபடியும் காலுக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

வெள்ளிக் கரண்டி கறுத்தால் நஞ்சு, பூண்டு நிறம் மாறினால் நஞ்சு, மஞ்சள் சிவந்தால் நஞ்சு, புழு அரித்திருந்தால் நல்லது, இவை எல்லாம் பொய். நத்தையும் புழுவும் நமக்கு நஞ்சானதை நிம்மதியாகத் தின்னும். சாப்பிட்டபின் சந்தேகம் வந்தால், வாந்தி வரும்வரை காத்திருக்கவேண்டாம். மிஞ்சிய காளானைக் கடதாசிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குப் போங்கள். பொலித்தீனில் போட்டால் அழுகிக் கூழாகிவிடும், பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இயங்குகிறது. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

இவ்வளவு ருசியான காளான் ஏன் சுப்பர் மார்க்கெட்டில் இல்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அங்கே கிடைக்கும் சிப்பிக் காளான் மரத்தூள் பையில் வளரும். மொட்டுக் காளான் பதப்படுத்திய எருவில் வளரும். புற்றுக்காளானுக்குக் கறையான் வேண்டும். ஆய்வுகூடத்தில் பங்கசு இழையை வளர்க்கலாம், ஆனால் கறையான் இல்லாமல் குடை விரியவைத்து வியாபாரம் செய்வது இன்றுவரை கைகூடவில்லை. ஆகவே மழைக்காலத்தில் அவிசாவளை வீதியோரம் யாராவது இலையில் கட்டி விற்றால்தான் உண்டு. கொட்டாஞ்சேனையில் இருக்கும் எனக்கு அதற்கும் ஓர் ஆள் சொல்லிவைக்கவேண்டியிருக்கிறது. நீங்களே காட்டுக்குப் புறப்படுவதாக இருந்தால், பாதுகாக்கப்பட்ட வனங்களில் அனுமதி இல்லாமல் எதையும் பறிப்பது குற்றம் என்பதை மறக்கவேண்டாம். தெரிந்தவரின் ரப்பர் காணிதான் உசிதம்.

எல்லாவற்றையும் வழித்துப் பறிக்கவும் கூடாது. மழைக்கு ஈசல் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவை புதுக் குடித்தனம் தொடங்கப் போகும் கறையான் சோடிகள். அநேக இனங்களில் அந்த ஈசல் தன்னோடு பங்கசைக் கொண்டுபோவதில்லை. புதுக்கூட்டில் பிறக்கும் முதல் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து, விரிந்த காளான்கள் உதிர்த்த வித்திகளைப் பொறுக்கிக்கொண்டு போய்த்தான் தோட்டம் போடுகின்றன. எல்லாவற்றையும் மொட்டிலேயே பறித்தால் பொறுக்க என்ன இருக்கும்? அப்பாயி ஒரு புற்றடிக்கு நான்கைந்து குடைகளை விரியவிட்டுவிடுவார். கேட்டால், "புற்றுக்காரிக்கு" என்பார். அவர் சொன்னது புற்றில் குடியிருக்கும் அம்மனை.

இன்னொன்று. சில புற்றடிகளில் குடைக்குப் பதிலாக, மண்ணிலிருந்து மெல்லிய கறுப்பு விரல்கள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பிள்ளைகள் பயப்படுவார்கள். அது சைலேரியா என்னும் வேறு பங்கசு. கறையான்கள் இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். கூடு கைவிடப்பட்டதும் அந்தப் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கறுப்பு விரல் தெரிந்த புற்றில் இனி இந்தலொலு எதிர்பார்க்கவேண்டாம்.

சமையலுக்கு ஒரு வார்த்தை. பறித்த அன்றே சமைத்துவிடுங்கள், மறுநாள் புழு வைத்துவிடும். ஊறப்போடாமல், ஓடும் தண்ணீரில் மடிப்புக்குள் இருக்கும் மண்ணை அலசுங்கள். வேரின் கறுத்த தோலைச் சுரண்டிவிட்டு, கத்தியால் நறுக்காமல் கையால் நீளநீளமாகக் கிழியுங்கள். சின்ன வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், ரம்பை, கறிவேப்பிலை, கொஞ்சம் மஞ்சள், இரண்டாம் பாலில் நன்றாக வேகவைத்துக் கடைசியில் கட்டிப்பால். கறித்தூள் போட்டு அதன் வாசத்தைக் கொல்லாதீர்கள். முதல்முறை சாப்பிடுகிறவர்கள், நல்ல காளானாகவே இருந்தாலும், கொஞ்சமாக எடுப்பது நல்லது. சிலரின் வயிற்றுக்கு எந்தக் காளானும் ஒத்துக்கொள்வதில்லை.

ஹோமாகம அம்மாவின் கட்டில் தண்டுகள் அடியோடு நறுக்கப்பட்டிருந்தனவா, வேரோடு இருந்தனவா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் வருடக்கணக்காக அதே புற்றடியில் எடுக்கிறவர் என்றால் எனக்கு அவர்மேல் சந்தேகம் இல்லை. ஆனாலும் அடுத்த மழைக்கு வரும்போது, துப்புரவாக்காமல் மண்ணும் வேருமாக ஒன்றைத் தனியே எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அதைப் புல்வெளிக் குடை ஒன்றோடு பக்கத்தில் வைத்து, இரண்டின் காலையும் ஒருமுறை பாருங்கள்.